கல்லும் தராசும் முதலில், பூமிப் படம் பிறகு: கோலாலம்பூரில் நிலவியல் கற்க எந்த வழி?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து முதலாம் படிவத்துக்குப் போகும் பிள்ளைக்கு, அறிவியல் நூலில் பூமிக்கென்றே ஒரு முழுப் பாடம் காத்திருக்கிறது. பாறை, கனிமம், பூமியின் அடுக்குகள், நிலநடுக்கம், பூமியின் வயது எல்லாம் அதில் வரும். விடுமுறையில் பிள்ளையைக் கொஞ்சம் தயார்ப்படுத்த என்ன செய்யலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணியைப் பறிகொடுத்த பிறகு, பள்ளிப் படிப்பை எப்போதோ முடித்த பெரியவர்களும் கேட்கிறார்கள்: நம் காலுக்குக் கீழே என்னதான் இருக்கிறது, அதை எங்கே போய்க் கற்பது?

கோலாலம்பூரில் இருப்பவருக்கு வழிகள் பல உண்டு. டியூஷன், யூடியூப், கே.எல்.சி.சி.யில் பெட்ரோசைன்ஸ், இணையத்தில் விற்கும் கனிமப் பெட்டி, ரயிலேறினால் பத்துமலை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைக் கற்றுக் கொடுக்கிறது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதைக் கற்பதற்கு எது நல்லது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறையும் கனிமமும் கையால் தொட்டு, கீறி, நிறுத்து அறிய வேண்டியவை. பூமியின் அடுக்குகளையோ எவரும் கண்ணால் கண்டதில்லை; அவை கணக்கிட்டும் ஊகித்தும் அறிந்தவை. பெரும்பாலான வகுப்புகளும் காணொளிகளும் குறுக்கே வெட்டிய பூமிப் படத்தைக் காட்டித்தான் ஆரம்பிக்கின்றன. பிள்ளையால் சரிபார்க்கவே முடியாத ஒன்றை முதல் நாளே மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அப்படி ஆரம்பித்த அறிவியல் அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை பிறர் சொல்லக் கேட்ட சேதியாகவே இருந்துவிடுகிறது. கல்லில் தொடங்கினால் அடுக்குகளுக்குத் தானாகவே போய்ச் சேரலாம். அதற்கு வேண்டியது ஒரு சமையலறைத் தராசு. அதைப் பிறகு விளக்குகிறேன்.

டியூஷனும் பயிற்சி நூலும்

தேர்வில் மதிப்பெண் மட்டும்தான் குறி என்றால் இது போதும். இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். ஆறு ஆண்டுகள் தமிழில் அறிவியல் படித்த பிள்ளைக்கு அந்தக் கலைச்சொற்கள் பழக்கமாக வேண்டும். அதை நல்ல டியூஷன் ஆசிரியர் விரைவாகச் செய்துவிடுவார். ஆனால் கல்லே உள்ளே வராத வகுப்பில் கல்லைப் பற்றிப் படிப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்றையும் வரிசை தவறாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், வீட்டு அம்மிக்கல் எந்த வகை என்று கேட்டால் பதில் வருவதில்லை. டியூஷனை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் வழியாக வேண்டாம்.

யூடியூப்

செலவில்லாதது, தமிழிலும் கிடைப்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்களை ஒட்டிய காணொளிகள் நிறைய இருக்கின்றன. மேலோடு, கவசம், கருவம் என்று சொற்கள் சீராக இருப்பதால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் புரியும். அவற்றில் எடுத்துக்காட்டாக வரும் பாறைகள் தக்காணத்து எரிமலைப் பாறையும் சென்னைப் பக்கத்துச் சார்னோக்கைட்டும். கோலாலம்பூரில் பிள்ளை வெளியே போய்ப் பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டை இந்தத் தீபகற்பத்தில் பார்க்க வேண்டுமென்றால் குவாந்தான் பக்கமோ சிகாமாட் பக்கமோ போக வேண்டும்.

ஒரு காணொளி நம்பத்தக்கதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது. கவசம் என்ற நடு அடுக்கை உருகிய நெருப்புக் குழம்பு என்று சொல்கிறதா? சொன்னால் அந்தக் காணொளியை நிறுத்திவிடுங்கள். பூமியின் கவசம் பெரும்பாலும் திடப்பாறை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில் அது நகர்கிறது. ஆனாலும் திரவம் அல்ல. சில இடங்களில் மட்டும், அழுத்தம் குறைவதாலோ உள்ளே நீர் சேர்வதாலோ, அதில் ஒரு சிறு பங்கு உருகி மேலே வருகிறது. அதுதான் எரிமலைக் குழம்பு. கவசத்தை ஆரஞ்சு நிறக் கடலாக வரைந்து காட்டும் படம் பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால், பிறகு அதைப் பிடுங்குவது கடினம்.

காணொளி நிகரற்றதாக விளங்கும் இடமும் உண்டு. நிலத்தட்டுகள் நகர்வதையும் நிலநடுக்க அலைகள் பூமிக்குள் வளைந்து போவதையும் அசையும் படத்தில் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. அந்த இரண்டுக்காக மட்டும் யூடியூப்பைத் திறந்தால்கூடப் போதும்.

பெட்ரோசைன்ஸும் அருங்காட்சியகங்களும்

1999-இல் திறந்த பெட்ரோசைன்ஸ் எண்ணெய், எரிவாயு பற்றிய இடம். கடலடியில் படிந்த சேறும் மணலும் எப்படிப் பாறையாகின்றன, அதற்குள் எண்ணெய் எப்படி உண்டாகித் தங்குகிறது என்பதைக் கற்க அது நல்ல இடம். படிவுப்பாறை என்றால் என்ன என்ற கேள்விக்குப் பதில் அங்கே விளையாட்டாகவே கிடைத்துவிடும். கனிமங்களை அடையாளம் காணவும் பாறையைக் கையில் எடுத்துப் பார்க்கவும் அங்கே போக வேண்டாம். கட்டணம் ஒரு குடும்பத்துக்குச் சற்று அதிகம்தான். ஒருமுறை போனால் அரை நாளாவது இருக்கத் திட்டமிடுங்கள்.

அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. நீங்கள் நிற்கும் இடமே ஒரு நிலவியல் பாடம். இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் ஆழத்தில் சரிந்தும் இருந்தது. பாதி அடித்தளம் பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றால் கோபுரம் சாய்ந்துவிடும். அதனால் கோபுரங்களை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் இறக்கி, அவற்றின் மேல் 4.5 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் பலகையைப் போட்டார்கள். 452 மீட்டர் உயரக் கோபுரத்தின் இடத்தை மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறையின் வடிவம் முடிவு செய்தது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போனால் பிள்ளை பார்க்கும் பார்வையே மாறும்.

உண்மையான கல் மாதிரிகளை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு இடங்கள். ஒன்று மலாயாப் பல்கலைக்கழக நிலவியல் துறை வைத்திருக்கும் தொகுப்பு. அது பொதுமக்களுக்கென்று திறந்து வைத்த கூடம் அல்ல என்பதால், போவதற்கு முன் துறைக்கு எழுதி அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி சார்பில் கேட்பது எளிது. மற்றொன்று ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் நிலவியல் அருங்காட்சியகம். இடிஎஸ் ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். கனிமத்துக்காகவே போகும் ஒரு நாள் பயணம் என்றால் என் தேர்வு ஈப்போதான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லுமலையைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

கனிமப் பெட்டியா, மளிகைக்கடையா?

இணையத்தில் கனிமப் பெட்டி வாங்குவோர் பெரும்பாலும் பளபளவென்று மெருகேற்றிய வண்ணக் கற்களை வாங்கிவிடுகிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் கற்க உதவாது. ஒரு கனிமம் எப்படி உடைகிறது, உடைந்த முகம் எப்படி மின்னுகிறது என்பதுதான் அதன் அடையாளம். மெருகு அதை அழித்துவிடுகிறது. சாயம் ஏற்றிய கற்களும் கண்ணாடித் துண்டுகளும் கலந்திருப்பதும் உண்டு. வாங்குவதென்றால் மெருகேற்றாத கரட்டுக் கற்களாக, பெயர்ச்சீட்டோடு, ஏழெட்டு வகை போதும்: குவார்ட்ஸ், கால்சைட், பெல்ஸ்பார், மைக்கா, ஹேமடைட், பைரைட், டால்க். வகை கூடக் கூடப் பிள்ளை சேகரிப்பாளர் ஆகிறதே தவிர, சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ உள்ள மளிகைக்கடைக்குப் போய் வாருங்கள். கட்டி இந்துப்பு வாங்குங்கள். பழைய துணியில் சுற்றிச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் அது சிறு சிறு கனசதுரங்களாக உடையும். கட்டி எவ்வளவு சிறியதானாலும் மூலைகள் செங்கோணமாகவே இருக்கும். சோடியமும் குளோரினும் உள்ளே அடுக்கி நிற்கும் முறை அப்படி. கனிமம் என்பதன் இலக்கணமே இந்த ஒழுங்கான உள்ளமைப்புதான். அதைப் படத்தில் பார்ப்பதைவிட, மேசையில் சிதறிய உப்பில் பார்ப்பது எவ்வளவோ மேல். பாகிஸ்தானின் கேவ்ரா மலைச் சுரங்கத்திலிருந்து வரும் அந்த உப்பு, 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன் வற்றிப்போன கடலின் மிச்சம் என்பதையும் சொல்லுங்கள்.

அதே கடையில் காவிக்கட்டி கிடைக்கும். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. மெருகில்லாத ஓட்டுத் துண்டின் பின்புறத்தில் அதைத் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். கருமையாக மின்னும் ஹேமடைட் கல்லைத் தேய்த்தாலும் அதே செம்பழுப்புத்தான் வரும். பொன் போல் மின்னும் பைரைட்டைத் தேய்த்தால் கரும்பச்சைக் கோடு. வெளியே தெரியும் நிறம் ஏமாற்றும், தேய்த்த கோடு ஏமாற்றாது. லெபோ அம்பாங் பக்கத்துப் பொற்கொல்லர்கள் உரைகல்லில் நகையை உரைத்துப் பார்ப்பதும் இதே அறிவுதான். நம் வீடுகளில் தலைமுறைகளாக இருப்பது.

கடினத்துக்கு ஆஸ்திரிய நாட்டில் பணியாற்றிய ஜெர்மானியர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டால்க் 1, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, வைரம் 10. விரல் நகம் இரண்டரை, கண்ணாடியும் கத்தியின் எஃகும் ஐந்தரை அளவில் இருக்கும். முகப்பவுடர் டப்பாவில் பலகாலம் இருந்தது அந்த முதல் எண்காரரான டால்க்தான். வெற்றிலைச் சுண்ணாம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லையோ சிப்பியையோ சூளையில் சுட்டால் கார்பன் டையாக்சைடு வெளியேறும். மிஞ்சியதை நீரில் தாளித்ததுதான் அது. காற்றில் விட்டால் போன வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும், அதாவது பத்துமலையின் கல்லாகவே திரும்பும்.

வீட்டில் நவரத்தின மோதிரம் இருந்தால் அதையும் மேசைக்குக் கொண்டுவரலாம். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்: கொரண்டம் என்ற அலுமினிய ஆக்சைடு. ஒன்றில் சிறிது குரோமியம், மற்றதில் இரும்பும் டைட்டானியமும். நிறம் மாறக் காரணம் அவ்வளவே. முத்தும் பவளமும் உயிரினங்கள் உண்டாக்கியவை என்பதால் கனிமப் பட்டியலில் சேராது. எது கனிமம், எது கனிமம் இல்லை என்ற விவாதத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு நடத்த இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆக, பெட்டிக்கு எதிராக மளிகைக்கடை என்றால் என் ஓட்டு மளிகைக்கடைக்கு. இருபது வெள்ளிக்குள் முடியும். குவார்ட்ஸ், பைரைட், மைக்கா, பெல்ஸ்பார், கால்சைட் போன்றவை மளிகைக்கடையில் கிடைக்காது. அவற்றை மட்டும் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளியே போவது

வழிகள் எல்லாவற்றிலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். கோலாலம்பூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. ஆண்டுதோறும் நாம் காவடி சுமந்து ஏறும் மலையே உலகத்தரமான நிலவியல் மாதிரி.

பத்துமலையை வாகன நிறுத்தத்திலிருந்து நிமிர்ந்து பாருங்கள். 42.7 மீட்டர் முருகனுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் வெள்ளைச் சாம்பல் பாறை, ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் சிப்பிகளின் ஓடும் சுண்ணச் சேறும் படிந்து உண்டானது. அப்போது அது படிவுப்பாறை. பிறகு, 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன், ஆழத்திலிருந்து கிரானைட் குழம்பு மேலேறி இன்றைய தித்திவங்சா மலைத்தொடரின் உடலாக உறைந்தது. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இந்தச் சுண்ணாம்புக்கல் பல இடங்களில் மறுபடி படிகமாகிப் பளிங்காக மாறியது. படிவுப்பாறை, தீப்பாறை, உருமாறிய பாறை மூன்றும் பாடநூலில் மூன்று பெட்டிகளில் இருக்கும். இங்கே ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது கண்ணெதிரே நிற்கிறது.

272 படி ஏறி உள்ளே போனால் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகள். மழைநீர் மண்ணிலிருந்து கார்பன் டையாக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்பைக் கரைத்தபடி இறங்குகிறது. குகைக் காற்றில் அந்த வாயு வெளியேறும்போது, கரைந்த சுண்ணாம்பில் ஒரு துளி மறுபடி கல்லாகப் படிகிறது. குகையைக் குடைந்ததும் விழுதைத் தொங்கவிட்டதும் ஒரே நீர். பிள்ளையிடம் கேளுங்கள்: இவ்வளவு மழை பெய்யும் மலையில் ஏன் ஓடை இல்லை? நீர் எல்லாம் எங்கே போகிறது? பதிலைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பதில் கோலாலம்பூர் நகருக்கடியிலும் பொருந்தும். நகரின் பெரும்பகுதிக்குக் கீழே இதே சுண்ணாம்புப் பாறை, இதே போன்ற பொந்துகளோடு, மண் மூடிக் கிடக்கிறது. வெள்ளநீரைக் கடத்த நகருக்கடியில் ஸ்மார்ட் சுரங்கப் பாதையைத் தோண்டியவர்கள் மிகவும் சிரமப்பட்டது இந்தப் பொந்துகளோடுதான்.

சுண்ணாம்புக்கல்லா என்று அறியக் காடி (வினிகர்) ஊற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் கோயிலில் செய்ய வேண்டாம். அது வழிபாட்டு இடம். விழுது ஒன்று விரல் நீளம் வளர நூற்றாண்டுகள்கூட ஆகும். ஒரு துண்டையும் உடைக்கவோ எடுக்கவோ கூடாது. வீட்டுக்கு வந்து, தரைக்கல் கடையில் கேட்டு வாங்கிய மார்பிள் சில்லைப் பொடித்து அதன்மேல் காடி ஊற்றுங்கள், நுரைக்கும். கிரானைட் சில்லில் ஒன்றும் நடக்காது. பழைய கோப்பிக்கடை மேசையின் மார்பிள் பலகையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மங்கிப்போவதற்கும் இதுதான் காரணம்.

அடுத்து கிரானைட். உலு லங்காட்டில் சுங்கை சொங்காக் போன்ற ஆற்றோர இடங்களில் யானை அளவு உருண்டைப் பாறைகள் கிடக்கும். அருகில் போய் உற்றுப் பார்த்தால் மூன்று விதத் துகள் தெரியும்: கண்ணாடி போன்ற சாம்பல் நிற குவார்ட்ஸ், பால் நிற பெல்ஸ்பார், கறுத்து மின்னும் மைக்கா. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் துகள் வளர்ந்திருப்பதே அந்தக் குழம்பு ஆழத்தில் மிக மெதுவாக ஆறியதற்குச் சாட்சி. இதே கிரானைட்தான் நம் அம்மியும். மழை நாளில் மட்டும் அங்கே போகாதீர்கள். மேலே பெய்த மழையில் ஆறு நிமிடங்களில் பெருகிவிடும்.

தாமான் மெலாவாத்தியிலிருந்து பார்த்தால் தெரியும் கிள்ளான் கேட்ஸ் முகடு மூன்றாவது இடம். ஏறத்தாழ முழுவதும் குவார்ட்ஸாலான அது பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. நிலத்தின் பிளவு வழியே வெந்நீர் ஏறி, கொண்டுவந்த சிலிக்காவை விட்டுப் போனதால் உண்டானது. சுற்றியிருந்த கிரானைட் மழையில் செம்மண்ணாகக் கரைந்து இறங்கிவிட, குவார்ட்ஸ் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. கடினம் 7 என்று மேசையில் சோதித்த பிள்ளைக்கு அந்த எண் ஒரு மலையாக நிற்பது அங்கே தெரியும். முகட்டில் விபத்துகள் நடந்திருக்கின்றன. பிள்ளைகளோடு ஏற வேண்டாம், கீழிருந்து பார்த்தாலே பாடம் முழுமை.

நான்காவது, செத்தாப்பாக்கில் ரோயல் சிலாங்கூர் பியூட்டர் தொழிற்சாலையின் பார்வையாளர் கூடம். பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம். இந்த நகரம் 1857-இல் பிறந்ததே வெள்ளீயத்துக்காக. கிரானைட்டில் இருந்த காசிட்டரைட் என்ற வெள்ளீயக் கனிமம், பாறை சிதைந்தபின் ஆற்று மணலில் சேர்ந்தது. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, காசிட்டரைட்டின் அடர்த்தி 7-ஐ ஒட்டியது. அதனால்தான் டூலாங் தட்டில் மணலைச் சுழற்றினால் லேசானது வெளியே போய், காசிட்டரைட் அடியில் தங்கும். இன்று பூங்காவாக இருக்கும் தித்திவங்சா ஏரியும் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைதான்.

ஈப்போவுக்குப் போகச் சொன்னதன் மற்றக் காரணம் இதோ. பத்துமலை, கல்லுமலை, தண்ணீர்மலை மூன்றும் மலேசிய முருக பக்தர்களுக்குத் தெரிந்தவை. ஈப்போவின் கல்லுமலை, பத்துமலையைப் போலவே சுண்ணாம்புக்கல்; செங்குத்து, குகை, மேலே ஓடையில்லை. பினாங்கின் தண்ணீர்மலை கிரானைட். உருண்ட சரிவு, பெரும் உருண்டைக் கற்கள், பக்கத்திலேயே அருவி. கரையாத பாறை என்பதால் அங்கே நீர் மேலேயே ஓடுகிறது. கோயில் பயணமாக மூன்றையும் பார்த்த குடும்பம், இரண்டு பாறைகள் எப்படி வேறு வேறு நிலத்தைச் செதுக்கும் என்பதற்கான முழு ஒப்பீட்டையும் ஏற்கெனவே கண்டிருக்கிறது. பெயர் சொல்லிக் காட்டுவதுதான் பாக்கி.

அடுக்குகளுக்குத் தராசு

இப்போது முதலில் சொன்ன தராசுக்கு வருகிறேன். ஒரு கல்லை எடையிடுங்கள். 270 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் நீர் நிறைந்த கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டர் கணக்கில். 100 என்று காட்டினால், 270-ஐ 100-ஆல் வகுக்க, அடர்த்தி 2.7. அம்மிக் குழவி, மார்பிள் சில், ஆற்றுக் கூழாங்கல் என்று எதை நிறுத்தாலும் இந்த அக்கம்பக்கத்தில்தான் நிற்கும்.

ஆனால் பூமி முழுவதன் சராசரி அடர்த்தி 5.5. ஹென்றி கேவென்டிஷ் 1798-இல் காரீயக் குண்டுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பை அளந்து இதற்கு மிக நெருங்கிய எண்ணைக் கண்டார். நம் கையில் கிடைக்கும் கல்லெல்லாம் 2.7 என்றால், சராசரி 5.5 ஆவதற்கு உள்ளே இன்னும் மிகக் கனமான ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். இரும்புக் கருவத்தை யாரும் சொல்லித் தராமலே அது எட்டிவிட்டது.

அதன் பிறகு எண்களைத் தரலாம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். கண்டங்களின் மேலோடு சராசரி 35 கிலோமீட்டர், கடலடியில் பத்துக்கும் குறைவு. கவசம் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை. அதற்குக் கீழே 5,150 வரை திரவ வெளிக்கருவம், பிறகு திட உட்கருவம். வகுப்பில் முட்டையை வெட்டிக் காட்டுவது வழக்கம். அளவுப்படி பார்த்தால் முட்டையோடுகூடப் பூமியின் மேலோட்டைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். ரஷ்யாவின் கோலா துளை மனிதர் போட்டதிலேயே ஆழமான துளைகளில் ஒன்று: 12,262 மீட்டர். மேலோட்டையே அது தாண்டவில்லை.

அப்படியானால் 5,150 என்ற எண் எப்படித் தெரிந்தது? நிலநடுக்க அலைகளால். பி அலை திடத்திலும் திரவத்திலும் போகும். எஸ் அலை திரவத்தில் போகாது. பெரிய நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் பூமியின் மறுபக்கம் வந்து சேரவில்லை என்பதிலிருந்து, நடுவில் திரவம் இருப்பது தெரிந்தது. டென்மார்க்கின் இங்கே லேமான், திரவத்துக்குள் மறுபடி ஒரு திடக்கரு உண்டென்று 1936-இல் பி அலைகளின் பதிவுகளிலிருந்து காட்டினார். நமக்கு இது தூரத்துச் சேதி அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் எழுந்த அதிர்வு கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் உணரப்பட்டது. 600 கிலோமீட்டர் தொலைவுக்கு, விநாடிக்கு 8 கிலோமீட்டர் போகும் பி அலை 75 விநாடியில் வரும். நாலரை கிலோமீட்டர் போகும் எஸ் அலை இரண்டு நிமிடம் தாண்டி வரும். இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். அசையும் படத்துக்கான நேரம் இதுதான். யூடியூப்பை இப்போது திறங்கள்.

யாருக்கு எது

முதலாம் படிவம் போகும் பிள்ளைக்கு: விடுமுறையின் முதல் வாரம் மளிகைக்கடையும் தராசும், அடுத்து ஒரு காலை பத்துமலை, பிறகு ஒரு நாள் உலு லங்காட். பள்ளி தொடங்கிய பிறகு வேண்டுமானால் டியூஷன். பெட்ரோசைன்ஸைக் கடைசிக்கு வையுங்கள். பாறை தெரிந்த பிள்ளைக்குத்தான் அது முழுப் பயன் தரும்.

பெரியவர் தனக்காகக் கற்பதென்றால், 1967 முதல் இயங்கும் மலேசிய நிலவியல் கழகத்தின் பக்கம் பாருங்கள். அதன் வெளியீடுகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கும், சற்றுக் கடினம்தான். ஆனால் நம் ஊர்ப் பாறையைப் பற்றி நம் ஊரில் வேலை செய்தவர்கள் எழுதியது. பத்துமலையையும் கிள்ளான் கேட்ஸையும் பார்த்த பிறகு படித்தால் ஓடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒரு வகுப்பையே அழைத்துப் போவதென்றால், ஒரே நாளில் காலை பத்துமலை, மதியம் செத்தாப்பாக் என்று பேருந்தைப் பேசுங்கள், இரண்டும் தொலைவில்லை. காலை எட்டு மணிக்குள் மலையடியில் இருந்தால் வெயிலும் கூட்டமும் குறைவு. தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள். குரங்குகள் இருப்பதால் உணவுப் பையைக் கையில் கொடுக்காதீர்கள். இருவருக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். செத்தாப்பாக் கூடத்துக்குக் குழுவாக வருவதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்று காலையே குவார்ட்ஸ் மணலையும் ஒரு சிறு வெள்ளீயத் துண்டையும் வகுப்பில் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.